நூதனசாலையும் நாமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நல்லூர் நாவலர் வீதியிலே, நாவலர் மண்டபத்தை அடுத்து ஒரு நூதனசாலை உண்டு. இச்சபையில் எத்தனை பேர் அதனுட் சென்றிருக்கின்றோம்? நானும் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த பின்னரே, அதுவும் கட்டுரை எழுத வேண்டியிருந்தமையாற் போனேன். மிஷன் பள்ளிக்கூடத்திலே இலண்டன் நூதனசாலையைப் பற்றிப் படித்தேன். நாவலர் வீதியைப் பற்றிப் படிக்கவில்லை. ஒருவரையும் குறை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கந்தரோடையிலே நம்மவர் தோட்டம் கொத்தும் மண்ணிலிருந்து உரோம நாணயங்கள் கிடைத்தன. போல் பீரிஸ் என்னும் அறிஞர் அங்கே ஆராய்ந்து 1917இலும் 1919இலும் எழுதினார். 1970இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையார் கடல் கடந்து வந்து அகழ்ந்தனர். பிறநாட்டு நூதனசாலை நம் வளவுக்கு வந்தது. நாம் நம்முடையதற்குப் போகவில்லை! 1980இலே ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரே அகழ்ந்தனர். பெருங்கற்கால ஈமக்குழி ஒன்றில், எலும்புக்கூட்டினருகே, சின்னஞ்சிறு வெண்கல முத்திரை ஒன்று அகப்பட்டது. அதில் ஒரு வரி குறியீடுகள். மற்ற வரி பிராமி எழுத்து. நமது சரித்திரம் ஆரியச் சக்கரவர்த்திகளோடுதான் தொடங்குகின்றது என்று எண்ணியிருந்த எனக்கு அது பெருவியப்பாயிற்று.

வீட்டிலே இதைச் சொன்னபோது அப்பு, “அது படிச்ச ஆக்கள் போற இடமடா, தம்பி” என்றார். நான் துலாவைப் பற்றிக் கேட்டேன். ஒருவர் துலாவில் ஏறி மிதிப்பது, மற்றவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவது, பட்டைக்கு எந்த ஓலை உதவும், எப்படி இழைப்பது என்று ஒரு மணித்தியாலம் சொன்னார். கொப்பி நிறைய எழுதினேன். பட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். இவ்விவரம் பக்கத்தில் இல்லையானால் அது வெறும் காய்ந்த ஓலைதான். எங்கள் விரிவுரைக் குறிப்புகளில் இதிலே ஒரு வரியும் இல்லை.

1995 இடப்பெயர்விற்குப் பின் நம் வீடுகளில் எஞ்சிய பழம்பொருள்கள் சிலவே. அவற்றையும் வாசலில் வந்து விலை பேசுவோர் உளர். வைப்பதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. நாவற்குழியிலே சிவபூமி அறக்கட்டளையினர் 2020இல் ஓர் அரும்பொருட்காட்சியகம் திறந்தனர். பெரியோர்களே, பழம்பொருளை விற்குமுன், புளி போட்டு மினுக்குமுன், எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். பொருளைத் தரவேண்டியதில்லை. அதன் பெயரையும், யார் கையில் எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கின்றோம்.

வருகின்ற விடுமுறையில் அப்புவை நாவலர் வீதிக்கு அழைத்துச் செல்லப் போகின்றேன். வர இசைந்துவிட்டார், வேட்டி மட்டும் புதிதாக வேண்டுமாம். வாகனத்தில் இன்னும் நான்கு பேருக்கு இடமுண்டு.