சொல்லத் தெரியாத வயிற்று வலி



வயிற்று உபாதையைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. கடுப்பு, பொருமல், உப்புசம், குமட்டல், நெஞ்செரிச்சல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆயினும், "உமக்கு என்ன செய்கிறது?" என்று வைத்தியர் கேட்கும்போது, இவற்றுள் எச்சொல் பொருந்தும் என்று அறியாமல் விழிப்பவர்கள் உண்டு. ஆட்டிசத்தோடு பிறந்து வளர்ந்தவர்களாகிய எங்களுள் பலர் அத்தகையவர். டில்லியில் மத்திய அரசாங்க அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாக அமர்ந்து, நாளெல்லாம் சொல்லுக்குச் சொல் தேடுகிற இவனும் எங்களுள் ஒருவன்.

ஆட்டிசம் என்பது தொற்றி வந்து தீரும் நோயன்று. மூளையின் வளர்ச்சியில் தொடக்கத்திலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. 1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, அவர்களில் பலர் கைக்குழந்தைப் பருவத்தில் உணவு கொள்ளத் தொல்லைப்பட்டனர் என்று குறித்திருக்கிறார். மலச்சிக்கல், பேதி, வயிற்று வலி ஆகியவை எங்களிடையே மற்றவர்களைவிட மிகுதி என்று பிற்கால ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன.

காரணம் ஒன்றல்ல. உணவின் மணமும், வழுவழுப்பும், நறநறப்பும் எங்களைப் பிறரைவிட வன்மையாகத் தாக்குகின்றன. ஆகவே தெரிந்த சில பண்டங்களையே பற்றிக்கொள்கிறோம். அலுவலகத்தில் பகல் ஒரு மணிக்கு நண்பர்கள் டப்பாக்களைத் திறந்து, ராஜ்மாவையும் ஊறுகாயையும் பகிர்ந்துகொள்ளும்போது, ஒரு மூலையில் தினமும் அதே தயிர்ச்சாதம்! அவர்கள் நகைப்பதில் தீங்கில்லை. ஆனால் காயும் கனியும் நாரும் குறைந்த உணவு குடலைத் தளரச் செய்கிறது. பினாயில் நெடிக்கும் தண்ணீர் பாயும் இரைச்சலுக்கும் அஞ்சிக் கழிவறையை ஒத்திப்போடுவது அடுத்த தவறு. டில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் இரண்டு இரவுகள், அவ்வச்சத்தால் நீரும் அருந்தாமல் சென்று, ஊரில் ஒரு வாரம் துன்புற்றதும் உண்டு. இவற்றோடு, பசி, வலி, வயிற்று முட்டல் முதலிய உட்செய்திகள் எங்களுள் சிலருக்குத் தெளிவாக எட்டுவதில்லை. தந்தி வருகிறது, எழுத்துகள் மட்டும் கலைந்திருக்கின்றன.

இவனுக்கு அப்போது பத்து வயது. மூன்று நாள் சுவரில் தலையை மோதிக்கொண்டான். பிடிவாதம் என்றார்கள் சிலர். அடித்தால் சரியாகும் என்றார்கள் வேறு சிலர். நான்காம் நாள் முதிய வைத்தியர் ஒருவர் வயிற்றைத் தடவிப் பார்த்து, "குழந்தைக்குக் குடல் கட்டியிருக்கிறதே, அம்மா!" என்றார். அன்னையார் அழுத அழுகை இன்றும் காதில் இருக்கிறது.

பெற்றோர்களே, பேச்சு வராத குழந்தை திடீரென்று தன்னைக் கடித்துக்கொண்டால், இரவில் உறங்காமல் கத்தினால், மேசை விளிம்பில் வயிற்றை அழுத்தினால், "ஆட்டிசத்தின் குணம்" என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் வயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: இறுகிய மலத்தைச் சுற்றி நீர்த்த மலம் கசிவதுண்டு. அதைப் பேதியென்று எண்ணி மருந்து கொடுத்தால் சிக்கல் மேலும் இறுகும். மலத்தில் இரத்தம், உடல் மெலிவு, ஓயாத வாந்தி ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

வைத்தியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆட்டிசம் உடையவருக்கு வயிற்று நோய் வந்தால், மற்றவர்க்குச் செய்யும் அதே சோதனைகளைச் செய்யவேண்டும் என்று 2010-இல் அமெரிக்க நிபுணர் குழுவொன்று கருத்து வெளியிட்டது. "எங்கே வலிக்கிறது?" என்பதற்குப் பதில் வராவிட்டால், ஒரு படத்தைக் காட்டித் தொடச் சொல்லுங்கள், விடைக்குச் சற்றுக் காத்திருங்கள்.

வயிற்றைக் காட்டி மருட்டுவோரும் உண்டு. 1998-இல் லண்டன் மருத்துவப் பத்திரிகையொன்றில், 12 குழந்தைகளைக் கொண்டு, தட்டம்மைத் தடுப்பூசியையும் குடலையும் ஆட்டிசத்தையும் முடிச்சிட்ட கட்டுரை வந்தது. அது பிழையென்று 2010-இல் அப்பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றது. கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் அகலும் என்பதற்கும் உறுதியான ஆதாரமில்லை. நான்கே பண்டங்கள் உண்ணும் குழந்தையிடமிருந்து இரண்டைப் பறித்தால் மிஞ்சுவது என்ன? கோதுமை ஒவ்வாத நோய் உண்டோ என ஐயமிருந்தால், அதை நிறுத்துமுன்னரே இரத்தச் சோதனை செய்தல் வேண்டும். நிறுத்திய பின் சோதனை உண்மையைக் காட்டாமல் போகலாம்.

நாங்கள் கண்ட வழிகள் எளியவை. உண்டது, கழித்தது, வலித்தது ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறோம். சொல் வராத இடத்தில் அதுவே வைத்தியரிடம் பேசுகிறது. பசியையும் தாகத்தையும் நம்பாமல் கடிகாரத்தை நம்புகிறோம். புதுப் பண்டத்தைப் பழைய பண்டத்தின் அருகே ஒரு கரண்டியளவு வைத்து, பல நாள் பழகுகிறோம். தயிர்ச்சாதத்தில் துருவிய காரட் இடம்பெற ஐந்து மாதங்கள் ஆயின!

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்தது. அரசு அலுவலகங்கள் எங்களைப் போன்ற ஊழியருக்குத் தக்க வசதி செய்து தரவேண்டும் என்றும் விதித்தது. நாங்கள் வேண்டும் வசதி பெரிதன்று. அமைதியான கழிவறை ஒன்று, தனித்து உண்ண ஒரு மூலை, "இன்றைக்கும் தயிர்ச்சாதமா?" என்று கேளாத நட்பு. இவை கிடைத்தால், எங்கள் வயிறு சொல்லும் செய்தியை நாங்களே மெல்ல மொழிபெயர்த்துக்கொள்வோம்.