பிள்ளையின் தோலும் ஓர் அமானிதம்



வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும் அவர்களது குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறி ஆரம்பிக்கின்றேன்.

அன்புக்குரிய பெற்றோர்களே, இளைஞர்களே, மலையகத்து நேயர்களே!

மழைக்காலம் வந்துவிட்டால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் வீட்டுக்கு வீடு காணப்படும் ஒரு பொருள் உண்டு. ஈரப் பாதையில் நடந்து பாடசாலைச் சப்பாத்தின் அடி பிளந்துவிடுகிறது. புதிய சப்பாத்து வாங்க இம்மாதம் வசதி இல்லை. கடையில் சிறிய குழாயில் விற்கப்படும் 'சுப்பர் குளூ' பசையை வாங்கி வந்து ஒட்டுகிறோம். மீதியை யன்னல் ஓரத்திலோ தையல் பெட்டிக்குள்ளோ வைத்துவிடுகிறோம். அது சிறு பிள்ளையின் கையில் அகப்படுகிறது. சில விநாடிகளில் விரலோடு விரல் ஒட்டிக்கொள்கிறது, பிள்ளை அலறுகிறது. அப்போது நாம் என்ன செய்கின்றோம் என்பதே இன்றைய உரையின் பொருள்.

இது மார்க்க உரைக்குரிய விடயமா என ஒருவர் கேட்கலாம். ஆம், இரண்டு காரணங்களுக்காக. பிள்ளையின் உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்பது ஒன்று. மற்றையது, தோலில் பசை இருந்தால் வுழூ நிறைவேறாதே என்ற அச்சத்தினால் பிளேடினாலும் கத்தியினாலும் சுரண்டித் தோலைக் கிழித்துவிடும் ஆபத்து. நன்மையை நாடிச் செய்யும் காரியமே தீங்காகிவிடக் கூடாதல்லவா?

முதலில் இப்பசையின் தன்மையை அறிந்துகொள்வோம். 1942 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற இரசாயனவியலாளரும் அவரது குழுவினரும், துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தேவையான தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடியபோது சயனோஅக்ரிலேட் என்ற இப்பொருளைக் கண்டனர். தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அதனை ஒதுக்கிவிட்டனர். 1951 இல் அதன் பயன் மீண்டும் உணரப்பட்டு, 1958 இல் பசையாகச் சந்தைக்கு வந்தது. இது காய்ந்து இறுகுவதில்லை. ஈரம் பட்டே இறுகுகிறது. மனிதத் தோலில் எப்போதும் சிறிது ஈரம் இருப்பதனால்தான் விரல்கள் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டிக்கொள்கின்றன. ஆயினும் தோலின் மேற்படை இயல்பாகவே உதிர்ந்து புதிதாகிக்கொண்டிருக்கிறது. எனவே நாம் எதுவும் செய்யாவிட்டாலும் சில நாட்களில் பசை தானாகக் கழன்றுவிடும். ஆகவே இங்கு அவசரம் தேவையில்லை, பொறுமையே தேவை.

பிள்ளையின் விரல்கள் ஒட்டிக்கொண்டால் பலங்கொண்டு இழுக்காதீர்கள். பசை விடாது, தோல்தான் கிழியும். ஒரு பாத்திரத்தில் இளஞ்சூட்டு நீர் எடுத்துச் சவர்க்காரத்தைக் கரைத்து, கையை அதில் ஊறவையுங்கள். நமது குளிர்ப் பிரதேசத்தில் அடுப்பில் எந்நேரமும் கேத்தல் கொதித்துக்கொண்டிருக்கும். பதற்றத்தில் அந்நீரை அப்படியே ஊற்றிவிடாதீர்கள். உங்கள் முழங்கையால் சூட்டைப் பார்த்த பின்னரே பிள்ளையின் கையை வையுங்கள். நன்கு ஊறிய பின் தேங்காய் எண்ணெயோ வஸலினோ தடவி, தேக்கரண்டிக் காம்பு போன்ற மழுங்கிய உருண்டையான ஒன்றை விரல்களுக்கு இடையில் மெல்ல உருட்டிப் பிரியுங்கள். முதல் தடவையில் பிரியவில்லையானால் மீண்டும் ஊறவையுங்கள். பிள்ளைக்கு நோகிறது என்றால் நிறுத்திவிடுங்கள்.

நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் இப்பசையைக் கரைக்கக் கூடியதுதான். ஆனால் அது தோலை எரிச்சலூட்டும், எளிதில் தீப்பற்றும். பெரியவர்களின் காயமற்ற விரலில் சிறிதளவு பூசி, உடனே சவர்க்காரமிட்டுக் கழுவலாம். அப்போதும் அடுப்புக்கும் விளக்குக்கும் அப்பால் இருக்க வேண்டும். சிறு பிள்ளையின் மென்மையான தோலுக்கு இளஞ்சூட்டு நீரும் எண்ணெயுமே போதும். முகத்தின் அருகே அசிட்டோனை ஒருபோதும் கொண்டுசெல்லாதீர்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் போன்றவற்றை முற்றாகத் தவிருங்கள். அவை தோலைப் புண்ணாக்கும். பிள்ளை தவறி விழுங்கினால் நுரையீரலையே பாதிக்கும்.

பலரும் அறியாத இன்னொரு செய்தி உண்டு. ஈரமான இப்பசை பருத்தித் துணியிலோ பஞ்சிலோ கம்பளியிலோ பட்டால் மிகுந்த வெப்பம் உண்டாகும்; தோல் வெந்துபோகவும் கூடும். நமது பிள்ளைகளோ ஆண்டின் பெரும் பகுதி கம்பளிச் சுவெட்டரோடு இருப்பவர்கள். எனவே சிந்திய பசையைத் துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். உடையில் கொட்டிவிட்டால் குளிர்ந்த நீரைத் தாராளமாக ஊற்றுங்கள். உடை தோலோடு ஒட்டியிருந்தால் பிய்த்து எடுக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கண்ணில் பட்டால் இளஞ்சூட்டு நீரால் பதினைந்து நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியரை நாடுங்கள். ஒட்டிய இமைகளைத் திறக்க முயலாதீர்கள். இமை மயிரை வெட்டாதீர்கள். பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் இமைகள் தாமாகவே பிரியும்; ஆயினும் கருவிழிக்குக் காயம் உண்டா என்பதை வைத்தியரே பார்க்க வேண்டும். கண் மருந்துக் குப்பியும் பசைக் குழாயும் உருவத்தில் ஒத்திருப்பதனால் மாறி ஊற்றிக்கொண்டவர்கள் உலகின் பல நாடுகளிலும் உள்ளனர். ஆகவே இவ்விரண்டையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம். உதடுகள் ஒட்டிக்கொண்டால் வெளியே இளஞ்சூட்டு நீரைத் தடவுங்கள். உள்ளே உமிழ்நீர் நனைக்கும். வாய், மூக்கு, காது ஆகியவற்றுக்குள் பசை சென்றிருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். டிக்கோயா ஆதார வைத்தியசாலையோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையோ எது அண்மையில் உள்ளதோ அங்கு செல்லுங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை இலவசமாக வரும்.

அன்பானவர்களே! இனி வுழூவின் விடயத்துக்கு வருவோம். நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

வுழூச் செய்த ஒருவரின் பாதத்தில் ஒரு நகமளவு இடம் நனையாதிருப்பதைக் கண்ட நபியவர்கள், திரும்பிச் சென்று அழகுற வுழூச் செய்யுமாறு பணித்தார்கள். உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எனவே தோலை நீர் அடைவதைத் தடுக்கும் பசைப் படலத்தைப் பொருட்படுத்தாது விட்டுவிட முடியாது. மருதோன்றியின் நிறம் தடையல்ல, படலமே தடை. அதனை இயன்றவரை அகற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது நிகழ்ச்சியை ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் காண்கிறோம். பயணத்தில் ஒருவரின் தலையில் கல் பட்டுக் காயம் உண்டாயிற்று. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா என அவர் தோழர்களிடம் கேட்டார். அவர்களோ தண்ணீர் இருக்கும்போது அனுமதியில்லை என்றனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபியவர்கள் அந்தத் தோழர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமை என்ற நோய்க்குக் கேட்பதே மருந்தல்லவா என்ற கருத்தில் எச்சரித்தார்கள்.

நகமளவு இடத்துக்காகத் திருப்பி அனுப்பிய அதே நபிதான், காயமுற்றவர் மீது சிரமத்தைச் சுமத்தியவர்களையும் கண்டித்தார்கள். பேணுதலும் இரக்கமும் மார்க்கத்தின் இரு கண்கள். வுழூவைக் கடமையாக்கிய அல்மாஇதா அத்தியாயத்தின் 6 ஆம் வசனமே, அல்லாஹ் நம்மைச் சிரமத்தில் ஆழ்த்த நாடவில்லை என்பதையும் உணர்த்துகிறது.

எனவே ஊறவைத்தும் எண்ணெயிட்டும் பசை கழலவில்லை, மேலும் சுரண்டினால் தோல் காயப்படும் என்ற நிலை வந்தால், காயக்கட்டுக்குரிய சலுகையைப் போன்ற ஒரு சலுகை உண்டு. ஷாபிஈ மத்ஹபின்படி ஏனைய இடங்களைக் கழுவி, அப்படலத்தின் மேல் ஈரக் கையால் தடவி, தயம்மும் செய்து தொழ வேண்டும். அத்தொழுகையைப் பின்னர் மீட்ட வேண்டுமா போன்ற நுணுக்கங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள். அக்காயமுற்றவரின் கதை நமக்குக் கற்றுத் தருவதும் அதுதானே! பருவமடையாத பிள்ளை மீது தொழுகை இன்னும் கடமையாகவே இல்லை. அதன் பயிற்சிக்காக அதன் விரலை இரத்தம் கசிய வைப்பது எந்த மார்க்கமும் அல்ல.

இளைஞர்களே, உங்களுக்கும் இரண்டு வார்த்தைகள். கதிரையிலும் கதவுப் பிடியிலும் பசை பூசிச் சிரிப்பது விளையாட்டல்ல. விளையாட்டுக்காகக் கூட ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வதை நபியவர்கள் தடுத்துள்ளார்கள். மேலும், கத்தி பட்ட காயத்தை இப்பசையால் மூடாதீர்கள். வைத்தியர்கள் காயத்துக்குப் பயன்படுத்துவது அதற்கென்றே தயாரிக்கப்பட்ட வேறு வகைப் பசை. கவ்வாத்துக் கத்தியால் ஏற்பட்ட காயமாயின் கழுவிக் கட்டி, ஏற்புவலித் தடுப்பூசிக்காக வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளையின் விரல் ஒட்டியதும் நமது கை முதலில் எங்கே போகிறது? தண்ணீருக்கா, பிள்ளையின் கன்னத்துக்கா? அடிக்குப் பயந்த பிள்ளை அடுத்த முறை கண்ணில் பட்டாலும் மறைத்துவிடும். அந்த மறைப்பில் பார்வையே பறிபோகலாம். சிறுவராக நபியவர்களின் வீட்டுக்கு வந்து பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரழி) அவர்கள், அக்காலம் முழுவதும் நபியவர்கள் தம்மிடம் 'சீ' என்றுகூடச் சொன்னதில்லை எனச் சான்று பகர்கிறார்கள். பசைக் குழாயை எட்டாத உயரத்தில் வைக்காதது நமது தவறு. அதற்கான தண்டனை பிள்ளைக்கா?

இன்றிரவே உங்கள் வீட்டில் அக்குழாய் எங்கே இருக்கிறதெனத் தேடிப் பாருங்கள். மூடியை இறுக்கி, மருந்துகளிலிருந்து பிரித்து, பூட்டக்கூடிய உயர்ந்த இடத்தில் வையுங்கள். அமானிதத்தைப் பேணும் எண்ணத்தோடு செய்யும் இச்சிறு செயலுக்கும் அல்லாஹ்விடம் கூலி உண்டு.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எல்லா ஆபத்துகளிலிருந்தும் காப்பாயாக! எங்கள் கைகளுக்கு நிதானத்தையும் உள்ளங்களுக்கு இரக்கத்தையும், அறியாததைக் கேட்டறியும் பணிவையும் தருவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.