கம்பளமும் கறையும்

தமிழகத்திலிருந்து அலுவல் நிமித்தமாகக் கொல்கத்தா வந்து சேரும் நம்மவரின் மூட்டை முடிச்சுகளில் பவானி ஜமக்காளம் ஒன்று அநேகமாக இருக்கும். தாய்வீட்டுச் சீராக வந்த அந்த விரிப்பு, ஊரில் ஒரு தலைமுறை உழைக்கும். சால்ட் லேக்கிலோ, பேணத் தெரியாவிட்டால், இரண்டு மூன்று மழைக்காலங்களில் பூசணம் பூத்து இற்றுப்போகும். பூசணத்தின் நுண்துகள்கள் அதன்மேல் தவழும் குழந்தைக்கு இளைப்பு நோயையும் தூண்டக்கூடும்.

இதற்குக் காரணம் யாது? சால்ட் லேக், பெயருக்கேற்ப, முன்னர் உப்பங்கழிச் சதுப்பாக இருந்த நிலம். விதான் சந்திர ராய் முதலமைச்சராக இருந்தபோது, 1962ஆம் ஆண்டில், ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய்களின் வழியே கொணர்ந்து அதனை மேடாக்கும் பணி தொடங்கியது. தாழ்ந்த நிலம், ஈரம் மிகுந்த காற்று; கனத்த விரிப்பு நனைந்துவிட்டால் எளிதில் உலர்வதில்லை.

ஆகவே சலவைக்கு ஊர்ப் பஞ்சாங்கம் இங்கே உதவாது. கொங்கு நாட்டில் ஆடிக் காற்றில் ஜமக்காளம் ஒரே நாளில் உலர்ந்துவிடும். இங்கே ஆடி அடைமழைக் காலம். ஊரில் ஐப்பசியும் கார்த்திகையும் மழை மாதங்கள். இங்கோ துர்க்கா பூஜை கழிந்து கார்த்திகை பிறந்தால் வானம் தெளிந்து, வடக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். முழுச் சலவையைக் கார்த்திகை முதல் மாசிக்குள் முடித்துக்கொள்வது நன்று. மழைக்காலத்தில் தூசு தட்டுவதும், கறை பட்ட இடத்தை மட்டும் துடைப்பதும் போதும்.

கறை பட்டதும் தேய்த்தல் ஆகாது. தேய்த்தால் அது இழைக்குள் இறங்கும். வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றியெடுக்க வேண்டும். காப்பி, பால் ஆகியவற்றுக்குக் குளிர்ந்த நீரே ஏற்றது. வெந்நீர் பட்டால் பாலின் புரதம் இழையில் இறுகிவிடும். ரசகுல்லாப் பாகு சிந்தினால் வெதுவெதுப்பான நீரால் ஒற்றுக. எஞ்சிய இனிப்பு எறும்பை அழைக்கும். கடுகெண்ணெய்மீது மாவைத் தூவிச் சிறிது நேரம் கழித்துத் தட்டிவிட்டு, பிறகு சோப்பு நீர் காட்டலாம்.

மஞ்சட்கறை சோப்புப் பட்டதும் சிவக்கும். மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரத்தோடு சேர்வதன் விளைவு அது, அஞ்ச வேண்டியதில்லை. சோப்பு நீங்க அலசி வெயில் காட்டினால் கறை நாளடைவில் வெளிறும். விரிப்பின் சாயமும் உடன் வெளிறக்கூடுமாதலால், மற்றப் பகுதியை மூடி வைத்தல் வேண்டும்.

காஷ்மீரக் கம்பளம் போன்ற கம்பளி விரிப்புகளில் பிளீச்சிங் திரவத்தைத் தொடவே கூடாது. அது கம்பளி இழையை அரித்துவிடும். அத்திரவத்துடன் வினிகரையோ கழிப்பறை அமிலத்தையோ கலந்தால் நச்சுவாயு எழும் என்பதையும் இல்லத்தார் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

துடைத்த இடத்தின் அடிப்புறமும் உலர்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்த பின்னரே விரிக்க வேண்டும். மேலே உலர்ந்து அடியில் ஈரம் நின்றால், பட்ட பாடெல்லாம் வீண். மழை நாளில் விரிப்பை நாற்காலிகளின்மேல் போட்டு மின்விசிறியைச் சுழல விடுங்கள். கறை சற்று மங்கலாக எஞ்சினாலும் பாதகமில்லை. ஈரம் எஞ்சக் கூடாது. புலம்பெயர்ந்த ஊரின் வானத்தை அறிந்து நடந்தால், பிறந்த ஊரின் விரிப்பு பேரப்பிள்ளைகள் காலத்திலும் உட்கார இடம் தரும்.