முக்காலி வாங்கும் முன்



ஒரே அம்பு. யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பு. ஐந்தையும் அது துளைத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். எய்தவன் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி.

அந்த மலையில் இன்று வில்லுக்கும் வேலையில்லை, துப்பாக்கிக்கும் வேலையில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தண்டனைக்குரிய குற்றம். ஆனால் வேட்டைக்காரனிடம் இருந்த பொறுமையும் அசையாத கையும் பறவை பார்க்கப் போகிறவருக்கும் வேண்டும். பொறுமையை நாமே பழகிக்கொள்ள வேண்டியதுதான். அசையாத கையைக் கடையில் வாங்கலாம். அதுதான் முக்காலி. டிரைபாட் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

உங்கள் பைனாகுலரில் 8x42 என்று போட்டிருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. அடுத்தது, முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பறவை 8 மடங்கு பெரிதானால், உங்கள் கைநடுக்கமும் 8 மடங்கு பெரிதாகிறது. அதுவரை கை சமாளிக்கும். 10 மடங்கில், மேடேறி மூச்சு வாங்கும் நேரத்தில், படம் ஆடத் தொடங்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக்குழல் தொலைநோக்கி பெரும்பாலும் 20 மடங்கில்தான் தொடங்குகிறது. 60 வரை போகும். அதைக் கையில் பிடித்துப் பார்ப்பது நடக்காத காரியம்.

நானும் முதலில் ஏமாந்தவன்தான். காசையெல்லாம் தொலைநோக்கிக் கண்ணாடியில் கொட்டிவிட்டு, கல்யாண வீட்டில் போட்டோ எடுக்க வைத்திருந்த மெல்லிய ஸ்டாண்டோடு கொல்லிமலையின் பெரக்கரை நாட்டுக்குப் போனேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் ஒரு சரிவு. எதிர்ப்பாறையில் ஒரு கழுகு வந்து உட்கார்ந்தது. ஸ்டாண்டின் நடுத்தண்டை உயர்த்தி, நின்றபடி பார்த்தேன். காற்று அடித்தது, கண்ணாடிக்குள் கழுகு கூத்தாடியது. மரவள்ளிக் காட்டிலிருந்து வந்த பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன் தம்பி நின்னுக்கிட்டு? உக்காந்து பாரு." உட்கார்ந்தேன். ஸ்டாண்டின் கால்களைக் குறுக்கினேன். ஆட்டம் பாதியாகக் குறைந்தது.

அன்று கற்றதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன். முதலில் உயரம். நாம் பார்ப்பது சரிவில் உட்கார்ந்து. அதனால் ஆளுயர முக்காலி தேவையில்லை. கால்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே விரிய வேண்டும், நீள வேண்டும். அப்போதுதான் பள்ளத்துப் பக்கக் காலை நீட்டி, மேட்டுப் பக்கக் காலைக் குறுக்கி, கண்ணாடி மாட்டும் தலையை மட்டமாக வைக்க முடியும். நடுத்தண்டு உயர உயர ஆட்டமும் கூடும். அதைத் தொடாமலே வேலை முடிந்தால் நல்லது.

அடுத்தது எடை. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ் ஏற்றிவிடும். அதற்கு மேல் உங்கள் தோள்தான். கார்பன் இழைக் கால்கள் எடை குறைவு, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும், விலைதான் அதிகம். அலுமினியம் கனம், ஆனால் கைக்கு எட்டும் விலை. எதை வாங்கினாலும் கால்களின் அடுக்குகளை எண்ணிப் பாருங்கள். நான்கு அடுக்குக் கால் பைக்குள் அடங்கும். ஆனால் கடைசி அடுக்கு மெலிந்திருக்கும். மூன்று அடுக்கு அதைவிட உறுதி.

மூன்றாவது, தலை. பந்துத் தலையைத் தளர்த்தினால் கண்ணாடி சட்டென்று குப்புறச் சாயும். ஒற்றைக் கைப்பிடி கொண்ட திரவத் தலை, வெண்ணெயில் கத்தி போவதுபோல மெதுவாகத் திரும்பும். நமக்கு அதுதான் சரி. பைனாகுலரையும் இதில் மாட்டலாம். பலவற்றில் இரண்டு குழல்களுக்கும் நடுவே, முன்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தால் உள்ளே மரை. அதற்கென்று எல் வடிவத்தில் ஓர் இணைப்புத் துண்டு தனியாகக் கிடைக்கும்.

உட்கார்ந்து முக்காலியில் பார்க்கும் இந்த முறையை மெருகேற்றியவர்களில் அமெரிக்காவின் மேற்கு மலைகளில் மான் தேடும் வேட்டைக்காரர்களும் உண்டு. பைனாகுலரை முக்காலியில் மாட்டி, மணிக்கணக்காக உட்கார்ந்து, எதிர்ச்சரிவைத் தறியில் ஊடை ஓடுவதுபோல இடமிருந்து வலமாக, பிறகு வலமிருந்து இடமாக வரிவரியாகத் துழாவுவார்கள். துப்பாக்கியை அவர்களிடமே விட்டுவிட்டு, அந்தப் பழக்கத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். உதாரணமாக, பாறைச் சரிவுகளில் வாழும் மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்னிந்தியக் குன்றுகளுக்கே உரிய பறவை, எண்ணிக்கை அருகிவருவது. அதைப் புதருக்குள் விரட்டிப் போய்ப் பார்க்கக் கூடாது. தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பதே அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது.

காற்று பலமாக இருந்தால் பையை முக்காலியின் நடுவே தொங்கவிடுங்கள். ஆனால் பை தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் ஊஞ்சலாடி, முக்காலியையும் சேர்த்து ஆட்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கண்ணாடியைக் கையோடு கொண்டுபோங்கள். முக்காலியில் மாட்டி, தெருக்கோடியில் உள்ள பெயர்ப்பலகையைப் பாருங்கள். முக்காலியின் காலை விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். எழுத்து உடனே நின்றால் வாங்குங்கள். ஆடிக்கொண்டே இருந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பெரிய கண்ணாடி அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம். உறுதியான கால்களை முதலில் வாங்குங்கள்.