தீட்டு: நம்ம வீட்டுக் கணக்கு

(ரிஷிவந்தியத்தில் நடந்த பெண்கள் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

அக்கா தங்கச்சிகளே, தோழர்களே, பின்னாடி நின்னுகிட்டிருக்கிற ஆம்பளைத் தோழர்களே, நீங்களும் வந்து உட்காருங்க. "இது பொம்பளைங்க சமாச்சாரம்"னு டீக்கடைப் பக்கம் நழுவப் பார்ப்பீங்க. உங்களுக்குத்தான் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வங்கியில் கிளார்க். ஒருநாள் கவுண்டரில் மகளிர் குழுப் பணம் கட்ட ஒரு பெண் வந்தாள். கையை நீட்டினேன். அவள் கையில் கொடுக்காமல் பலகைமேல் வைத்துவிட்டு விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. என் சாதி தெரிந்து எட்டி வைக்கிறாள் என்றுதான் நினைத்தேன். என் ஆயா கூலி வாங்கினது அப்படித்தான், தரையில் போட்டதைக் குனிந்து பொறுக்கி. கோபத்தில், "கையில குடுத்தா என்னம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் குரலைத் தாழ்த்தி, "நான் தூரம்மா. உங்களுக்குத் தீட்டாயிடும்" என்றாள். அவளும் நம்ம காலனிக்காரி என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. சாதித் தீட்டு எது, மாதத் தீட்டு எது என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1948ல் தீண்டப்படாதவர்கள் யார் என்று எழுதிய நூலில் இதைத் தொடங்கிவைக்கிறார். பிறப்பு, பூப்பு, சாவு என்று தீட்டுப் பார்ப்பது பழைய சமூகங்கள் எல்லாவற்றிலும் உண்டு. அது சில நாளில் கழிந்துவிடும். இந்துக்கள் நம்ம மேல் வைத்த தீட்டோ கழியாதது, பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்குவது. அப்படியானால் தலித் பெண்ணுக்கு என்ன கணக்கு? கழியாத தீட்டு ஒண்ணு, மாசாமாசம் வந்து கழிகிற தீட்டு இன்னொண்ணு. முதலாவதை ஊரார் வைத்தார்கள். இரண்டாவதை நம்ம வீட்டிலேயே நாமே வைத்துக்கொண்டோம்.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் கிணத்துக்கடவு பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்பு தலித் சிறுமி. அப்போதுதான் வயதுக்கு வந்திருந்தாள். வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். அம்மா எடுத்த வீடியோவால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. தலைமையாசிரியை இடைநீக்கம் செய்யப்பட்டார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு. அவள் வெளியே உட்கார்ந்து எழுதியவற்றில் ஒன்று அறிவியல் தேர்வு! தமிழ்நாட்டு எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடமே இருக்கிறது.

தாயே தனியாக உட்கார வைக்கச் சொன்னார் என்று பள்ளித் தரப்பில் சொன்னார்கள். சொன்னாரோ இல்லையோ, நம்ம வீடுகளில் எத்தனை அம்மாக்கள் அப்படிச் சொல்லாமல் இருந்திருப்போம்? கையைத் தூக்குங்க பார்க்கலாம். ... சரி, இறக்குங்க.

என் கதையைச் சொல்றேன். அந்தப் பாடம் வந்த அன்று எங்க டீச்சர், "இதை வீட்ல படிச்சுக்கங்க, பரீட்சைக்கு வராது" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். பையன்கள் கிசுகிசுவென்று சிரித்தார்கள். வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பது? எனக்கு ரத்தம் வந்தபோது ஏதோ புற்று என்று நினைத்து ரெண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஆயா கண்டுபிடித்தாள். தென்னங்கீற்றுக் குச்சில் உட்கார வைத்தார்கள். தண்ணி ஊத்தினார்கள், மைக்செட் கட்டினார்கள், ஊருக்கே தெரிந்தது. எதுக்காக ரத்தம் வருது என்று மட்டும் ஒருத்தரும் சொல்லலை.

விஷயம் ரொம்ப எளிசு. கரு தங்கினால் பிள்ளைக்கு மெத்தையாக இருக்க கர்ப்பப்பைக்குள் ஒரு படலம் வளர்கிறது. கரு தங்காத மாதம் அது வேண்டாம், கழன்று வெளியே வருகிறது. உடம்பில் ஓடுகிற அதே ரத்தம்தான். கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. துணியைக் கட்டிலுக்கு அடியில் இருட்டில் காயவைத்தால்தான் கெடுதல், வெயிலில் போடுங்க.

குச்சில் உட்கார்ந்ததைச் சாதாரணமாகச் சொன்னேன். 2018 நவம்பரில் கஜா புயல். தஞ்சாவூர் மாவட்டம் அணைக்காட்டில் வயதுக்கு வந்த ஒரு சிறுமியைத் தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் சாய்ந்து இறந்துபோனாள். அந்தப் புயல் ராத்திரியிலும் தீட்டுப் பார்த்திருக்கிறோம். மதுரை மாவட்டம் கூவலாபுரம் பக்கம் 'முட்டுத்துறை' என்று ஊருக்கு வெளியே கட்டடமே கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த ரிஷிவந்தியத்துச் சாமியோ அர்த்தநாரீசுவரர். பாதி உடம்பு பெண். அந்தப் பாதியை மாசம் மூணு நாள் எங்கே உட்கார வைப்பார்கள் என்று குருக்களிடம் யாராவது கேட்டுச் சொல்லுங்க.

அதே 2018, செப்டம்பர் 28. சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட், மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்ணை விலக்குவதும் ஒரு வகைத் தீண்டாமை, அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு இதற்கும் பொருந்தும் என்று எழுதினார். வழக்கு 2019ல் பெரிய அமர்வுக்குப் போனது வேறு விஷயம். நமக்காக அண்ணல் காலத்தில் எழுதின பிரிவு அது. அதை நம்ம வீட்டு அடுப்படிக்கும் பொருத்திப் பார்க்க இயக்கத்தில் யாருக்கும் தோணலை.

இன்னொண்ணு. சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். நம்ம தூரத்துணியை யார் வெளுத்தார்கள்? புதிரை வண்ணார்கள். நமக்கும் கீழே ஒருவரை வைத்து, நம்ம தீட்டை அவர் தலையில் கட்டினோம். பகலில் கண்ணில் படக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட சனம் அது. இமையம் 1994ல் 'கோவேறு கழுதைகள்' எழுதினபோது நம்ம ஆட்கள் பலருக்கு எரிச்சல். அந்த எரிச்சலுக்கு என்ன அர்த்தம்? அவர்களுக்கென்று நலவாரியம் அமைத்ததே 2009ல்தான். மாதத் தீட்டை விட மறுக்கிறவர், சாதியில் ஒரு படியையும் சேர்த்தே காப்பாற்றுகிறார்.

அரசு சும்மா இல்லை என்பீர்கள். 2012ல் 'புதுயுகம்' திட்டம் வந்தது, நல்லதுதான். வளரிளம் பெண்ணுக்கு வருசத்துக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 என்று வகுத்தார்கள். கிளார்க் புத்தி, கணக்குப் போட்டேன்: 108. மாசத்துக்கு 9. அஞ்சு நாள், நாளைக்கு மூணு என்றால் 15 வேணும். மீதி ஆறுக்குப் பழைய புடவைதான். அதை மாத்தக் கதவுள்ள கக்கூசு, தண்ணி, போட ஒரு வாளி வேணும்.

பாலியல் கல்வி என்றாலே அலறுகிறார்கள். 2007ல் வளரிளம் பருவக் கல்வியை மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று பல மாநிலங்கள் நிறுத்தின. பண்பாடு கெடுமாம். புற்று என்று ரெண்டு நாள் அழுதவளின் பண்பாட்டை யார் கேட்டார்கள்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நம்ம அம்மாக்கள் இருக்கீங்க. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துடாதீங்க. எட்டாம் வகுப்பில் அந்தப் பாடம் நடத்தினீங்களா, பையன்களையும் உட்கார வைத்து நடத்தினீங்களா, ஆறாம் வகுப்பிலேயே வயதுக்கு வருகிற பிள்ளைக்கு யார் சொல்றாங்க என்று கேளுங்க. நாப்கின் எந்த அலமாரியில் பூட்டிக் கிடக்கு, சாவி யார்கிட்ட என்றும் கேளுங்க.

என் பேச்சு அவ்வளவுதான். கேள்வி இருந்தால் கேட்கலாம். பின்னாடி இருக்கிற ஆம்பளைத் தோழர்கள் முதல்ல கேளுங்க.