குளச்சலில் பிடிபட்டவர்

மாசிக் கொடை முடிந்து கூட்டம் கலைந்திருந்த ஒரு காலையில், மண்டைக்காட்டு அம்மனைக் கும்பிட்டுவிட்டு பைக்கில் கிளம்பினேன். பழைய தேவாலயங்கள் சிலவற்றைப் பார்த்துவர யோசனை. பையில் மண்டையப்பம். தலைவலி தீர அம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் பண்டம் அது. வெயிலில் ஹெல்மெட்டுக்குள் வேகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

மேற்கே சிறிது தூரம் போனால் குளச்சல். 1741இல் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை மடக்கிய கடற்கரை, வெற்றித்தூண் இருக்கிறது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். மன்னர் அவரைத் தம் படையைப் பழக்குவதற்கே வைத்துக்கொண்டார். கைதியாக வந்தவர் 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி ஆனார்.

தக்கலை தாண்டினால் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. உள்ளே மரநிழலில் கூரை போன ஒரு சிற்றாலயம், சுவர்கள்தான் மிச்சம். அங்கேதான் டிலனாயின் கல்லறை. 1777இல் இறந்தவர். கல்லில் லத்தீன், கூடவே தமிழ். சண்டைக்கு வந்திறங்கியவருக்கு நம் எழுத்தில் கல்வெட்டு! வாசிக்கக் குனிந்தவன் நிமிர வெகுநேரமாயிற்று.

பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்த நீலகண்ட பிள்ளை இந்த டிலனாயின் நண்பர். மாடுகள் மாண்டு, சொத்து கரைந்து அவர் ஒடிந்திருந்தபோது, பைபிளிலிருந்து யோபுவின் கதையைச் சொல்லித் தேற்றினாராம் கப்பித்தான். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், பெயர் தேவசகாயம். நான்கு வருடத்தில் கைது. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தாகத்தில் அவர் முழங்கையால் இடித்ததும் நீர் சுரந்ததாகச் சொல்லப்படும் முட்டிடிச்சான் பாறையும் புலியூர்க்குறிச்சியில்தான். 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

உடல் அடங்கியிருப்பது நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில். உச்சிவெயிலில் உள்ளே நுழைந்ததும் கால் குளிர்ந்தது. 2022 மே 15இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே அவர் பெயரிலிருந்து 'பிள்ளை'யை எடுத்துவிட்டது வத்திக்கான். சாதி பாராமல் பழகியவருக்குச் சாதிவால் எதற்கு? எனக்கென்னவோ பட்டத்தைவிட இதுதான் பெரிதாகப் பட்டது.

சாயங்காலம் ஆரல்வாய்மொழி. கணவாய்க் காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளுகிறது; இருபுறமும் காற்றாலைகள். தேவசகாயத்தைச் சுட்ட காற்றாடிமலையின் அடியில் இறங்கி, மணியடிச்சான் பாறையைச் சிறுகல்லால் தட்டினேன். வெண்கல மணிபோலவே ஒலித்தது. பின்னால் நின்ற பொடியன் ஒருவன், "அண்ணே, எனக்கும் அந்தக் கல்லத் தாங்க" என்று கை நீட்டினான்.