மனுவின் பாதை: இந்திய நாடாளுமன்றத்தில் குடிமக்கள் மனுவும் அவையின் அன்றாட அலுவலும்

இந்திய நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் நாட்டு மக்கள் மனு அளிக்கலாம். கேள்வி கேட்பவர் உறுப்பினர். மசோதா கொண்டுவருபவர் அமைச்சர் அல்லது உறுப்பினர். அவைக்கு வெளியே வாழும் ஒருவர் தம் பெயரும் முகவரியும் கையெழுத்தும் இட்டு எழுதியது அவையின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறுவது மனுவில் மட்டும்தான். படிக்காதவர் கைநாட்டு வைத்தாலும் செல்லும். ஆயினும் நீதிமன்றத்தில் வழக்குப் போடவும் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கவும் தெரிந்த மக்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு வழி இருப்பது தெரியாது. இந்த வழியின் வலிமை ஒரே இடத்தில் இருக்கிறது. மனு ஒன்று அவையின் வழக்கமான அலுவலுக்குள் நுழைந்துவிட்டால், சம்பந்தப்பட்ட அமைச்சகம் அதற்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டியதாகிறது. அந்தப் பதிலைத் துருவிப் பார்க்க ஒரு குழு உட்கார்ந்திருக்கிறது.

ஆட்சியாளரிடம் முறையிடுவது எல்லா நாட்டிலும் பழைய வழக்கம். அதை மன்றத்தின் நடைமுறையாக வளர்த்தெடுத்தது இங்கிலாந்து. அரசரிடம் மனுச் செய்வது குடிமக்களின் உரிமை, அதற்காக எவரையும் சிறையிலடைக்கக் கூடாது என்று 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் உறுதிசெய்தது. அந்த நாட்டு மன்றத்தின் கதவைத் தட்டி, குறைந்தபட்சம் ஒரு விசாரணையையாவது வரவழைத்த இந்திய மனுக்களில் முக்கியமானது சென்னையிலிருந்து சென்றது.

காசுலு லட்சுமிநரசு செட்டி 1852இல் தொடங்கிய சென்னைச் சுதேசிகள் சங்கம், அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு ஒரு நீண்ட மனுவை அனுப்பியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமைச் சாசனத்தைப் புதுப்பிக்கும் வேலை 1853இல் நடக்கவிருந்தது. அதனால்தான் அந்தக் காலத்தைத் தேர்ந்தார்கள். நிலவரியின் சுமை, உப்பு, நீதி நிர்வாகம் என்று குறைகளை அடுக்கிய அந்த இயக்கத்தின் முறையீடுகளில் ஒன்று இங்கிலாந்தை உலுக்கியது: வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்பது அது. கிட்டி என்ற மரக்கருவியில் விரல்களை நெரிப்பதும், அண்ணாந்தாள் என்று கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவதும் கிராமங்களில் எல்லாரும் அறிந்த நடைமுறையாக இருந்தன. லண்டனுக்கு அவை புதிய செய்தி. சென்னை மாகாணத்துக்கு நேரில் வந்து பார்த்துப்போன ஹென்றி டான்பி சீமோர் முதலிய உறுப்பினர்கள் 1854இல் காமன்ஸ் சபையில் இதை எழுப்பினார்கள். விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகளைப் பெற்று, 1855இல் அறிக்கை தந்தார்கள். சித்திரவதை நடந்தது உண்மை என்று அது ஒப்புக்கொண்டது.

அறிக்கையின் குறையையும் சொல்லியாக வேண்டும். பழி முழுவதையும் அது கீழ்நிலை இந்தியச் சிப்பந்திகள் மேல் இறக்கியது. அவர்களை அப்படி விரட்டிய வரிவிகிதத்தையும் அதை விதித்த மேலதிகாரிகளையும் பெரும்பாலும் தப்பவிட்டது. ஆனாலும் வாக்குரிமையே இல்லாத ஒரு மக்கள்கூட்டம், பல ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மன்றத்தை அதன் சொந்த நடைமுறையைக் கொண்டே அசைத்தது சிறிய காரியமன்று. மனுவின் இயல்பு முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் தெரிகிறது. மன்றத்தின் முன் இருக்கும் அலுவலோடு அது ஒட்டிக்கொண்டது. உள்ளே ஓர் உறுப்பினர் அதைக் கையிலெடுத்தார். விளைவு அரைகுறையாக வந்தது.

இந்தியாவின் சொந்தச் சட்டமன்றத்துக்கு மனுப்பெறும் அதிகாரம் வேண்டும் என்ற கோரிக்கை 1921இல் எழுந்தது. 1924இல் மத்திய சட்டமன்றத்தில் பொது மனுக்கள் குழு அமைந்தது. 1931 முதல் அது மனுக்கள் குழு என்ற பெயரில் இயங்குகிறது. இன்றைய மக்களவைக் குழுக்களில் மிகப் பழையவற்றில் இது ஒன்று. ஆங்கிலேயர் காலத்தில் நிலுவையிலுள்ள மசோதாவைப் பற்றி மட்டுமே மனுக் கொடுக்க முடிந்தது. பொதுநலன் சார்ந்த எந்தப் பொருளைப் பற்றியும் மனு அளிக்கலாம் என்ற விரிவு குடியரசு தந்தது. மாநிலங்களவை 1952இலேயே தன் மனுக்கள் குழுவை அமைத்து, 1964இல் அதன் எல்லையை விரித்தது. மக்களவைக் குழுவில் 15 பேர், மாநிலங்களவைக் குழுவில் 10 பேர். மக்களவைக் குழுவில் அமைச்சர்களுக்கு இடமில்லை. பதில் சொல்ல வேண்டியவர்களே நடுவராக உட்காரக் கூடாது என்பதால் இது மிகச் சரியான விதி.

மனு நுழையும் அவையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தால்தான் அதன் இடம் விளங்கும். மக்களவை காலை 11 மணிக்குக் கூடுகிறது. முதல் ஒரு மணிநேரம் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட 20 வினாக்கள் வாய்மொழிப் பதிலுக்காகப் பட்டியலில் இருக்கும். துணைக்கேள்விகள் நீள்வதால் சிலவே அவையில் எடுத்துக்கொள்ளப்படும். 230 வினாக்கள் வரை எழுத்துப் பதிலோடு நிற்கும். நண்பகலில் அமைச்சர்கள் ஆண்டறிக்கைகள், தணிக்கை அறிக்கைகள், சட்டங்களின்கீழ் இயற்றிய விதிகள் ஆகியவற்றை அவையின் மேசையில் வைப்பார்கள். பிறகு மாநிலங்களவையிலிருந்து வந்த செய்திகள், குழுக்களின் அறிக்கைகள். அவற்றை அடுத்து, மனு ஏதேனும் இருந்தால், அது அளிக்கப்படும். அவசரப் பொருள்களை உறுப்பினர்கள் எழுப்பும் பூஜ்ய நேரம், தொகுதிப் பிரச்சினைகளைப் பதியும் 377ஆம் விதி, அதன் பின் மசோதாக்கள் என்று நாள் நகரும். வெள்ளிக்கிழமை பிற்பகல் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரியது.

தொலைக்காட்சியில் யாரும் கவனிக்காத பகுதி அந்த நண்பகல் பகுதிதான். காகிதங்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வருவது சடங்குபோலத் தோன்றும். ஆனால் அரசு எந்தக் கணக்கைக் காட்டியது, எந்த விதியை இயற்றியது, எதைத் தாமதமாகக் கொண்டுவந்தது என்பதற்கெல்லாம் சாட்சி அங்கேதான் உருவாகிறது. அமைச்சர் கேள்வி நேரத்தில் ‘பரிசீலிக்கப்படும்’ என்று சொல்லும் சொல்லைக்கூட அரசு உறுதிமொழிகள் குழு குறித்துவைத்துக்கொண்டு, மூன்று மாதத்தில் நிறைவேற்றும்படி கேட்கிறது. இப்படிப்பட்ட பதிவுகளின் நடுவில் மனுவுக்கும் இடம் கிடைத்திருப்பது குடிமகனுக்குப் பெரிய பாதுகாப்பு. அமளியால் அவை பன்னிரண்டு மணிக்கே ஒத்திவைக்கப்படும் நாள்களில் பறிபோவது உறுப்பினரின் பேச்சு மட்டுமன்று. வெளியே நிற்பவரின் முறையும் தள்ளிப்போகிறது.

மனு ஏற்கப்பட நிபந்தனைகள் உண்டு. அறிமுகமான மசோதா, அவையின் முன்னுள்ள வேறு அலுவல், பொதுநலன் சார்ந்த பொருள் ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும். நீதிமன்றத்தின் விசாரணைக்குரியதும், மாநிலச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டியதும், சட்டத்திலேயே பரிகாரம் உள்ளதும் விலக்கு. ஆகவே பட்டா மாறுதலுக்கோ ரேஷன் அட்டைக்கோ இங்கே வர முடியாது. மொழி மரியாதையானதாக, நிதானமானதாக இருக்க வேண்டும். பிரமாணப் பத்திரமோ வேறு ஆவணமோ இணைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை அவையில் அளிக்கும் உறுப்பினர் அதில் மேலொப்பமிட வேண்டும். உறுப்பினர் தம் சொந்த மனுவைத் தாமே அளிக்க இயலாது. அவையில் அதை அளிக்கும்போது இன்னாரின் இன்ன பொருள் பற்றிய மனு என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் அவர் பேசவும் கூடாது, விவாதமும் கிடையாது.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. குழு அமைச்சகத்தின் கருத்தை எழுத்தில் கேட்கும். பதில் மழுப்பலாக இருந்தால் துறைச் செயலாளரை வரவழைத்து வாய்மொழிச் சாட்சியம் பெறும். மனுதாரரையும் அழைத்துக் கேட்கலாம். தேவையானால் இடத்துக்கே சென்று பார்க்கும். பிறகு அறிக்கை அவைக்கு வரும். பரிந்துரைகளின்மேல் அரசு என்ன செய்தது என்பதற்குத் தனியே நடவடிக்கை அறிக்கையும் உண்டு. ஓர் ஓய்வூதியரோ தொழுநோயாளியோ எழுதிய தாளுக்கு அரசின் செயலாளர் குழு அறையில் அமர்ந்து விடை சொல்லும் காட்சியைக் குடியாட்சியின் மிக நல்ல காட்சிகளில் ஒன்றாகக் கருதலாம்.

தொழுநோய் பற்றிய மனுவே இதற்குச் சிறந்த சான்று. கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களில் பரவியபின் தொழுநோய் முழுமையாகக் குணமாகும் நோயாகிவிட்டது. சட்டப் புத்தகங்களில் மட்டும் நோய் குணமாகவில்லை. கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் மணவிலக்கோ பிரிந்து வாழும் உரிமையோ கோரலாம் என்று 1869 முதல் 1956 வரையிலான ஐந்து தனிநபர் சட்டங்கள் இடம்கொடுத்தன. தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்களைச் சமூகத்தோடு இணைக்கக் கோரிய மனுவை விசாரித்த மாநிலங்களவைக் குழு, 2008இல் தன் 131ஆம் அறிக்கையில் இத்தகைய சட்டங்களைத் திருத்தச் சொன்னது. அதே ஆண்டில்தான் ஒடிசாவில் தொழுநோயாளிகள் நகராட்சித் தேர்தலில் நிற்பதைத் தடுத்த விதியை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நீதிமன்றத்தில் திறக்காத கதவு குழு அறையில் சற்றே திறந்தது. சட்ட ஆணையம் 2015இல் அதே கருத்தை வலியுறுத்தியது. 2019இல் தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டம் வந்து, ஐந்து சட்டங்களிலிருந்தும் அந்தக் காரணத்தை நீக்கியது. இடையில் பதினோரு ஆண்டுகள். நோயைவிட அதன் பெயரால் அதிகம் துன்புற்றவர்களுக்கு அது மிக நீண்ட காத்திருப்பு. ஆனால் மசோதாவின் நோக்கவுரையிலேயே அந்தக் குழுவின் அறிக்கை குறிப்பிடப்பட்டது.

மற்றொன்று முன்னாள் படைவீரர்களின் ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ கோரிக்கை. ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணிபுரிந்தவர்கள் எந்த ஆண்டில் ஓய்வுபெற்றாலும் ஒரே ஓய்வூதியம் பெற வேண்டும் என்பது அது. பகத்சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு 2011 டிசம்பரில் இதை ஏற்கப் பரிந்துரைத்தது. 2011-12ஆம் ஆண்டுக்கு ஆகும் செலவு 1,300 கோடி ரூபாய் என்ற கணக்கை அதிகாரிகளிடமிருந்தே வாங்கி, அது நாட்டுக்குத் தாங்கமுடியாத சுமையில்லை என்று குழு சொன்னது. 2015 நவம்பரில் ஆணை வெளியாகி, 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆணை குழு விளக்கிய கருத்தை முழுமையாகப் பின்பற்றவில்லை என்று படைவீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். குழுவின் அறிக்கையை அரசின் கொள்கையாகக் கொள்ள முடியாது என்று 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிந்துரை பரிந்துரைதான், அரசைக் கட்டுப்படுத்தாது.

மேலொப்பம் கிடைக்காதவர்களுக்கும் வழி அடைபடவில்லை. மனுவின் படிவத்துக்குள் அடங்காத முறையீட்டுக் கடிதங்களையும் மக்களவைக் குழு பரிசீலிக்கிறது. பெயரும் முகவரியும் இல்லாதவை கோப்பில் முடங்கும். வேறு அதிகாரிக்கு எழுதிய கடிதத்தின் நகலை வெறுமனே அனுப்பிவைத்தாலும் அதே கதிதான். நிவாரணம் கோரி அந்த நகலிலேயே தனியே எழுதியிருக்க வேண்டும். குடியரசுத் தலைவர் முதல் கிராம நிர்வாக அலுவலர் வரை ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பும் பழக்கமுள்ள நம் மக்கள் இந்த ஒரு விதியை மட்டுமாவது அறிந்திருப்பது நல்லது.

பிரிட்டனில் 2015 முதல் இணையவழி மனுவில் 10,000 பேர் ஒப்பமிட்டால் அரசு பதிலளிக்கிறது. 1,00,000 பேர் ஒப்பமிட்டால் அவையில் விவாதத்துக்குப் பரிசீலிக்கப்படுகிறது. இந்தியாவிலும் குடிமக்களின் மனு நேரே விவாதத்துக்கு வர வகைசெய்ய வேண்டும் என்ற வழக்கை, அது நாடாளுமன்றத்தின் எல்லைக்குட்பட்டது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. எண்ணிக்கையை அளவுகோலாக்கும் பிரிட்டிஷ் முறையில் தொழுநோயாளிகளைப் போன்ற சிறு கூட்டத்தின் குரல் அமுங்கிப்போகும் ஆபத்து உண்டு. இந்திய முறையில் ஒரே ஒரு கையெழுத்தும் போதும். உள்ளே ஓர் உறுப்பினர் மனம்வைக்க வேண்டும். எண்ணிக்கையையும் மேலொப்பத்தையும் இரு மாற்றுவழிகளாக ஏற்பதே நியாயமாக இருக்கும்.

மொழி விஷயத்தில் மாற்றம் இன்னும் அவசரமானது. மக்களவைக்கான மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் எழுதினால் அவ்விரு மொழிகளுள் ஒன்றில் மொழிபெயர்ப்பையும் மனுதாரரே கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். குறைகளை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அதிகாரிகளிடம் முறையிடலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் உறுப்பு சொல்கிறது. உறுப்பினர் அவையில் தமிழில் பேசினால் உரைபெயர்க்க ஆள் இருக்கிறார்கள். தூத்துக்குடி உப்பளத்துத் தொழிலாளி தமிழில் எழுதியதை மொழிபெயர்க்கும் செலவை மட்டும் அவர் தலையில் சுமத்துவது முறையாகாது. அந்த வேலையை அவைச் செயலகமே ஏற்க வேண்டும்.

மனுதாரர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. மக்களவை கலைக்கப்பட்டால், அதன் மனுக்கள் குழுவின் முன் நிலுவையிலுள்ள மனுக்கள் காலாவதியாகின்றன. புதிய அவை அமைந்தபின் புதிய உறுப்பினரிடம் மேலொப்பம் பெற்று மறுபடியும் அளிக்க வேண்டும். மாநிலங்களவை கலைவதில்லை என்பதால் அங்கே இந்த இடர் இல்லை. தேர்தல் நெருங்கும் காலத்தில் மனு எழுதுபவர்கள் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரை நாடுவது நல்லது.